பொய் சொல்லும் பயிற்சி

ஜூன் 12

இன்றைக்கு உலக அமைதிக்காக நான் ஆற்றிய தொண்டு: அறிக்கையில் "கூடும்" என்று வந்த இடத்திலெல்லாம் "வாய்ப்பு மிக அதிகம்" என்று மாற்றினேன். இயக்குநர் உத்தரவு. "கூடும்னு எழுதினா யாரும் பயப்பட மாட்டாங்கம்மா" என்றார். பயப்படாவிட்டால் படிக்க மாட்டார்களாம். படிக்காவிட்டால் அடுத்த வருடம் நிதி வராதாம். அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் ஆராய்ச்சி மையம் என்று வாசலில் பலகை.

மையம் என்றால் பெரிய வளாகம், வாசலில் காவல் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்தேன். மூன்றாவது மாடியில் நாலு அறை. கீழ் மாடியில் பல் டாக்டர். இயக்குநர் காணொளிக் கூட்டத்தில் "மனித குலத்தின் முன்னால் நிற்கும் கேள்வி" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கீழே யாருக்கோ பல்லைக் குடைவார்கள். கழிப்பறைக்கு எதிர்ச்சுவரில் அணுகுண்டின் காளான் புகை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவசரமாகப் போகிறவர்களுக்கு நல்ல தரிசனம்.

பயிற்சி மாணவர்கள் இரண்டு பேர். நான், அப்புறம் டை. இந்த வெயிலில், ஏசி ரிப்பேரான அறையில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்காருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் இயற்பியல், அவன் சர்வதேச உறவுகள். இயக்குநர் தும்மினாலும் குறிப்பெடுக்கிறான்.

ஜூன் 15

அக்கா வீட்டில் தங்கியிருப்பதில் ஒரே தொல்லை மாமாவின் ஜோக். தினமும் நான் செருப்பைக் கழற்றும்போது, "என்ன, இன்னிக்கு எத்தனை குண்டு?"

"சும்மா இருங்க, அவ குண்டைத் தடுக்கிறவ" என்றாள் அக்கா.

"அப்படியா? அடுத்த வாரம் உங்கம்மா வராங்களே, அதைத் தடுக்க முடியுமான்னு கேளு."

அந்த அம்மாவோ ஊரெல்லாம் தன் பெண் ஒரு அணு விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருக்கிறாள். "விஞ்ஞானி இல்லம்மா, பயிற்சிக்கு வந்திருக்கேன்" என்றேன் போனில். "அதான், பயிற்சி விஞ்ஞானி" என்றாள். பதவி உயர்வுகூட வந்துவிட்டது.

சான்றிதழ் கையில் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் கல்லூரியில் கடைசிப் பருவம் செல்லாது.

ஜூன் 20

கடைசியில் ஒரு நிஜ வேலை. 

அழுத்தமானி என்று ஒரு கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். மருந்து உலர்த்துகிற ஆலைக்கும் வேண்டும், குண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டுகிறவனுக்கும் வேண்டும். அதனால் விற்கிறவர் "யாருக்கு, எங்கே, எதற்கு" என்று விசாரித்து, வாங்குகிறவரிடம் எழுதி வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் உரிமம் தருகிற அரசு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். சட்டம் அப்படி. நடைமுறை எப்படி என்று சோதிக்கப் போகிறோமாம். நாங்கள் ஒரு போலிக் கம்பெனி தொடங்கி, விற்பனையாளர்களைப் போனில் கூப்பிட்டு, கருவி கேட்போம். யார் விசாரிக்கிறார், யார் கண்ணை மூடிக்கொண்டு தருகிறார் என்று அறிக்கை.

யார் பேசுவது? டை இரண்டு வரி பேசிக் காட்டினான். விமான நிலைய அறிவிப்பு போல இருந்தது. நான் பேசினேன். இயக்குநர் மேஜையைத் தட்டினார். "இவ பேசினா யாரும் நம்புவாங்க."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். வெட்கம்.

ஜூன் 24

கம்பெனி பதிவாகிவிட்டது. உரிமையாளர்: நான். முகவரி: அக்கா வீடு. மையத்தின் பெயர் எங்கேயும் வரக் கூடாதாம், வந்தால் சோதனை கெட்டுவிடுமாம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். மாமா இனி என்னை "முதலாளி" என்று கூப்பிடலாம்.

ஜூன் 30

பேசப் பேசச் சிரிப்புதான் வருகிறது. பெரிய கம்பெனிகள் இரண்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எத்தனை வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் - முடிந்தது. அதில் ஒன்றின் வலைப்பக்கத்தில் "பொறுப்பான வணிகம்" என்று ஒரு பெண் செடி நடுகிற படம்.

இதற்கா நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன? வீட்டுக்கு மூன்று பூட்டு, சாவி மிதியடிக்குக் கீழே.

ஜூலை 3

இன்று ஒரு சின்னக் கடைக்காரர். அவரும் மனைவியும் இன்னொருவரும்தான் கடையே. அழுத்தமானி கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறார்.

"எதுக்கும்மா?"

மூலிகை மருந்து உலர்த்தும் இயந்திரம் என்றேன். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன் என்றேன்.

"தனியாவா? வீட்டுல ஒத்தாசை இருக்கா? இந்த லைன்ல பொண்ணுங்க கம்மிம்மா. பழைய சாமானைப் பெயின்ட் அடிச்சுத் தலையில கட்டிடுவாங்க, பார்த்து வாங்கணும்."

அப்புறம் இல்லாத என் இயந்திரத்துக்கு ஆலோசனைகள். எந்தக் குழாயில் பொருத்த வேண்டும், எப்போது துடைக்க வேண்டும். நான் "சரிங்க, சரிங்க" என்றேன். எதிரே டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

இளிச்சவாயர். போனை வைத்ததும் டையிடம் அப்படித்தான் சொன்னேன், வேறு சொல் கிடைக்கவில்லை.

ஜூலை 8

கடைக்காரரே கூப்பிட்டார். வாங்குகிறவர் எழுதித் தர வேண்டிய உறுதிமொழி ஒன்று இருக்கிறதாம், அதில் ஆலையின் விவரம் கேட்கிறார்களாம்.

இயக்குநர் சைகை காட்டினார், தயங்கு என்று. தயங்கினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, முதல் தடவை என்றேன்.

"அதுக்கென்ன, நீ சொன்னதை வச்சு நானே எழுதி அனுப்பறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும்மா."

இயக்குநர் கையை முஷ்டியாக்கிக் காற்றில் குத்தினார். ஆலை இருக்கிறதா என்று அவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும், குறைந்தது யாரையாவது கேட்டிருக்க வேண்டும். வாங்குகிறவளின் பொய்யை விற்கிறவரே உட்கார்ந்து நிரப்பித் தருவது சட்டப்படி பெரிய தப்பு. "மாட்டிக்கிச்சு" என்றார் இயக்குநர். கேக் வாங்கி வரச் சொன்னார்.

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 15

பெட்டி வந்தது. நான் வருவதற்குள் அக்கா பிரித்துவிட்டாள். மாமா அதைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசி அறையில் நிற்கிறார். ஜோக் நின்றுபோனது.

"இது வெறும் மீட்டர் மாமா. தண்ணி டேங்க்ல இருக்குமே, அது மாதிரி."

"அப்ப எதுக்கு இதுக்கு ஆராய்ச்சி?"

நியாயமான கேள்விதான்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர் கருவியைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதற்கு மேல் அட்டை வைத்து, மூலைகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "யாருடி இவரு, கைக்குழந்தையைப் போர்த்தி விட்ட மாதிரி அனுப்பியிருக்காரு" என்றாள்.

பெரிய கம்பெனிப் பெட்டி இரண்டும் நசுங்கி வந்தன.

ஜூலை 19

மறுபடி கடைக்காரர். அலுவலகத்தில் இல்லை, பேருந்தில் இருந்தேன். பதிவு கிடையாது, இயக்குநர் கிடையாது.

"மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுதுங்க."

"முள்ளு நிலையா நிக்குதா, ஆடுதா?"

"நிலையா நிக்குது."

"அப்ப சரி. இனிமே கவலை இல்ல. நல்லா வருவே."

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன்.

ஜூலை 28

அறிக்கையின் வரைவு வந்தது. படித்துவிட்டு எழுதுகிறேன். கோபத்தோடு.

கடைக்காரரின் பெயர், கடைப் பெயர், தெரு, உரையாடல் வார்த்தைக்கு வார்த்தை. "கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும்மா" தடித்த எழுத்தில், தனிப் பெட்டியில். ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பினார்களே, அந்தப் பெரிய கம்பெனிகள்? "இரண்டு பன்னாட்டு நிறுவனங்கள்." அவ்வளவுதான். பெயர் இல்லை. நான் தேடினேன், பின்குறிப்பிலும் இல்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டாம். அலமாரியில் போன வருட மாநாட்டுப் பைகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் அந்தச் செடி நடும் கம்பெனியின் முத்திரை.

இயக்குநரிடம் போனேன். எல்லார் பெயரையும் போடுங்கள், இல்லாவிட்டால் யார் பெயரையும் போடாதீர்கள் என்றேன்.

"பேர் இல்லாத அறிக்கையை எவன்மா படிப்பான்?"

"அப்ப பெரிய கம்பெனி பேரையும் போடலாமே சார்."

"அவங்ககிட்ட வக்கீல் இருக்காங்க."

ஒளிவுமறைவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மூன்று வருடமாக ஊர் ஊராகப் போய், பலமுள்ள நாட்டுக்கு ஒரு நியாயம், இளைத்த நாட்டுக்கு ஒரு நியாயமா என்று பேசுகிற வாய் இது.

ஜூலை 31

ஆய்வாளர் மேடத்திடம் பேசினேன். என் பயிற்சிக்கு வழிகாட்டி அவர்தான், இதுவரை வழி எதுவும் காட்டியதில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் பிடிக்கலைதான். ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு வந்த எதையும் நான் கேட்கவில்லை. பக்கத்து வீடு எரிகிறபோது கதவருகில் நின்று "ஐயோ பாவம்" என்கிற ஜாதி.

ஆகஸ்ட் 1

டையோடு சண்டை. கடைக்காரர் தப்பு செய்தார்தானே என்றான். செய்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

"உன் இடத்துல நிஜமாவே குண்டு செய்யறவன் பேசியிருந்தா? அவனுக்கும் எழுதிக் குடுத்திருப்பாரு."

"அதைவிட வேகமா பெரிய கம்பெனி குடுத்திருக்கும்."

"அதுக்காக இவரு செஞ்சது சரியாயிடுமா?" என்றவன், டையைத் தளர்த்திக்கொண்டு சொன்னான்: "அன்னிக்கு போனை வச்சதும் நீதான் அவரை இளிச்சவாயன்னு சொன்ன. நான் சொல்லல. உனக்கு இங்க யார் மேலயும் மரியாதை கிடையாது. அவரு மேலயும் கிடையாது. இப்ப எதுக்கு திடீர்னு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கீழே பல் குடைகிற சத்தம்தான் வந்தது.

டை சொன்னது சரியாக இருப்பதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் இல்லை.

ஆகஸ்ட் 5

இயக்குநர் கூப்பிட்டு உட்கார வைத்தார். குரலில் தேன்.

"நீ ரொம்ப யோசிக்கிற. அறிக்கை அடுத்த வாரம் வெளிவருது, உன் சான்றிதழும் தயார். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. கம்பெனி உன் பேர்ல இருக்கு. பொய்யான உறுதிமொழியில கையெழுத்து உன்னுது. விஷயம் வேற மாதிரி போச்சுன்னா மையத்தால உனக்கு எதுவும் செய்ய முடியாது."

எத்தனை அக்கறை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பயம்தான். பொய் சொல்லி என்ன? கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது, அம்மா ஊரில் என்ன சொல்வாள்... பல் டாக்டரிடம் வந்த ஒரு அம்மாள், கன்னத்தைப் பிடித்தபடி, "ரொம்ப வலியா?" என்று என்னைக் கேட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தியில் பட்டது. என் பேரில் இருக்கிறது. என் கையெழுத்து. அப்படியென்றால் இது என்னுடையது. உரிமம் தரும் அலுவலகத்தில் போய்ச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 6

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சான்றிதழ்?" என்றாள். வராது என்றேன். "ஒரு வருஷம் போகுமா?" போகலாம். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா சண்டையில முடியும்" என்றாள்.

மாமா, "நான் வேணா கூட வரட்டுமா?" என்றார். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

உரிமம் தரும் அலுவலகம். நாங்கள் எந்த அலுவலகத்தை "செயலற்ற அமைப்பு" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோமோ, அதே இடம். செயலற்றதா தெரியாது, நாற்காலி பற்றாக்குறை. எனக்காக ஒரு நாற்காலியில் இருந்து கோப்புக் கட்டுகளை இறக்கினார்கள்.

அதிகாரி ஒரு நடுவயது அம்மா. மூக்கின் நுனியில் கண்ணாடி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உறுதிமொழியில நீ எழுதினது பொய்?" என்றார்.

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

"என்ன தெரிஞ்சுக்க?"

"பொய் சொன்னா நம்புவாங்களான்னு."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"இதுக்கு ஆராய்ச்சி வேணுமா?"

அந்த மையத்தில் இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி. 

யாரிடம் எல்லாம் வாங்கினேன் என்று கேட்டார். பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொன்னேன், இரண்டையும். அப்புறம் கடைக்காரர் பெயர். அவரை விட்டுவிடுங்கள் என்றேன். 

"அது எப்படி? அவரும்தானே குடுத்திருக்காரு. எல்லாரையும் கேப்போம். ஒரே மாதிரி கேப்போம்."

நான் கேட்டதும் இதைத்தானே?

ஆகஸ்ட் 9

பயிற்சியிலிருந்து நீக்கம். அறிக்கையும் நின்றுபோனது. விசாரணை முடியும்வரை வெளியிடக் கூடாது என்று மையத்துக்கு உத்தரவு. இயக்குநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வாளர் மேடம் படிக்கட்டுவரை வந்து, தோளைத் தொட்டு, "நல்ல காரியம் பண்ணின. ஆனா..." என்றார்.

ஆகஸ்ட் 22

கடைக்காரரைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாமா? இல்லை.

சின்னக் கடை. கண்ணாடி அலமாரியில் மீட்டர்கள், எல்லா முள்ளும் ஒரே பக்கம் படுத்திருந்தன. அவருடைய மனைவி பில் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைக்காரர் நான் நினைத்ததைவிட வயது குறைந்தவர். கத்தவில்லை. ஆறு மாதம் அந்தக் கருவியை விற்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்களாம். பெரிய கம்பெனிகளுக்கும் அதே ஆறு மாதம்தானாம். "அவங்களுக்கு அது கொசுக்கடி. எனக்குப் பாதி வியாபாரம் அதுதான்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையில் அவர் பெயர் வரக் கூடாது என்றுதான் அந்த அலுவலகத்துக்குப் போனேன் என்று விளக்கினேன். நானே கேட்டாலும் சகிக்காத விளக்கம்.

"வாங்கறப்ப பொய் சொன்னே. அது பரவாயில்லம்மா. வியாபாரத்துல தினம் நூறு பொய் கேக்கறேன். நான் விசாரிச்சிருக்கணும், அது என் தப்பு. அப்புறம் நான் போன் பண்ணினேனே, மெஷின் ஓடுதான்னு. அன்னிக்கு உனக்கு எங்கிட்ட வாங்க வேண்டியது எதுவும் இல்லையே. அன்னிக்கு எதுக்கும்மா ஓடுதுன்னு சொன்னே?"

ஒரு வாடிக்கையாளர் வந்தார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 23

தெரியவில்லை. எதுக்கு சொன்னேன்னு எனக்கே தெரியல.

நவம்பர் 10

அறிக்கை வந்துவிட்டது. வெளியீட்டு விழாவை வலையில் பார்த்தேன். "ஒரு விற்பனையாளர்", "மற்றொரு விற்பனையாளர்", யாருக்கும் பெயர் இல்லை, உரையாடல் பெட்டி இல்லை. இயக்குநர் மேடையில் ஆராய்ச்சி நெறிமுறைகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தனிமனிதர்களின் பெயரை வெளியிடாதது மையத்தின் நீண்ட நாள் மரபாம். கைதட்டல். முதல் வரிசையில் டை. நிரந்தர வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது, டை பட்டு.

நானும் கைதட்டினேன், குழந்தை சிரிக்கிறாளே என்று.

டிசம்பர் 4

அந்த அதிகாரி அம்மா கூப்பிட்டார். சந்தேகம் கேட்டு விற்பனையாளர்கள் போன் செய்தால் எடுக்க ஆள் இல்லையாம். "உனக்குக் கருவியும் தெரியும், பொய்யும் தெரியும். வர்றியா? இதுக்கும் பயிற்சிச் சான்றிதழ் உண்டு" என்றார்.

கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லிவிட்டது. அம்மா ஊரில் "இப்ப கவர்மென்ட் விஞ்ஞானி" என்று சொல்லத் தொடங்கியாகிவிட்டது.

பிப்ரவரி 26

காலையில் இருந்து மழை. அழைப்புகள் குறைவு. மதியம் ஒன்று வந்தது. "ஒரு சந்தேகம் கேக்கணும்" என்று ஆரம்பித்ததுமே குரல் தெரிந்துவிட்டது, கடைக்காரர். தடை முடிந்து மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறார்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. மழை இரைச்சல் வேறு. புதிதாக ஒரு கம்பெனி அழுத்தமானி கேட்கிறதாம், ஆலையைப் பார்க்கலாமா என்றால் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்களாம். விவரங்களை வாங்கிப் பதிவேட்டில் பார்த்தேன். அந்த முகவரியில் ஆலை கிடையாது. அனுப்ப வேண்டாம், நாங்கள் விசாரிக்கிறோம் என்றேன்.

"சரிங்க. யாரு சொன்னாங்கன்னு குறிச்சு வச்சுக்கணும். உங்க பேரு?"

மேஜை எண்ணைச் சொன்னால் போதும். விதியில் அப்படித்தான் இருக்கிறது. பெயரைச் சொன்னேன்.

துண்டித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, மரியாதையாக, "அங்க வேற யாராவது இருந்தா கொஞ்சம் குடுங்க" என்றார்.

போனை அதிகாரி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் என் திரையைப் பார்த்து, நான் சொன்ன அதே பதிலைச் சொன்னார். "ஆமா, அனுப்பாதீங்க. கேட்டது நல்லதாப் போச்சு." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சரியாத்தானே சொல்லியிருக்க? எதுக்கு இன்னொரு தடவை கேட்டாரு?"

"என்னைத் தெரிஞ்சவரு மேடம். அதான்" என்றேன்.